காத்திருப்பது யார்? நிகழ்நேர இயக்குதளத்தில் நெட்வொர்க் மந்தம்: வாசகர் கேள்வி பதில்

நிகழ்நேர இயக்குதளங்களில், அதாவது குறித்த நேரத்துக்குள் வேலை முடிய வேண்டிய கருவிகளை இயக்கும் ஆர்டிஓஎஸ்களில், நெட்வொர்க் எதிர்பார்த்த வேகத்தில் ஓடுவதில்லை என்று எழுதியவர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சிலவற்றைச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்407 சிப்பில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற இயக்குதளமும், நெட்வொர்க் பேச்சைக் கவனிக்கும் டிசிபி/ஐபி அடுக்காக எல்டபிள்யூஐபி என்ற மென்பொருளும் வைத்து ஒரு தரவு சேகரிப்புக் கருவி செய்திருக்கிறோம். ஈதர்நெட் இணைப்பு 100 மெகாபிட். ஆனால் கருவியிலிருந்து கணினிக்குக் கோப்பு அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோபைட்டைத் தாண்டுவதில்லை. பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. பிங் நேரம், அதாவது ஒரு சிறு பாக்கெட் போய்ப் பதிலோடு திரும்பும் நேரம், 1 மில்லிநொடி முதல் 10 மில்லிநொடி வரை மாறி மாறி வருகிறது. இன்னும் வேகமான சிப்புக்கு மாறிவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். மாறலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாற வேண்டாம். பிராசஸர் சும்மா இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை செய்ய நேரம் போதாத கருவி சும்மா இருக்காது. உங்கள் கருவி யாருக்காகவோ காத்திருக்கிறது. இரட்டிப்பு வேகமுள்ள சிப் வாங்கினாலும் அதுவும் அதே அளவு நேரம் காத்திருக்கும். யாருக்காகக் காத்திருக்கிறது என்பதை நீங்கள் தந்திருக்கும் எண்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

டிசிபியில் அனுப்புபவர், எதிர்ப்பக்கத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வராத நிலையில், ஓர் எல்லைக்கு மேல் தரவை அனுப்ப முடியாது. எல்டபிள்யூஐபியின் அமைப்புக் கோப்பில் நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், ஒரு டிசிபி துண்டின் அளவு 536 பைட். அனுப்பும் பஃபர், அதாவது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம், அத்தகைய இரண்டு துண்டுகள் கொள்ளும் அளவு, அதாவது 1,072 பைட். ஸ்வீடன் நாட்டுக் கணினி அறிவியல் நிறுவனத்தில் ஆடம் டங்கல்ஸ் இந்த அடுக்கை எழுதியபோது, சில பத்து கிலோபைட் நினைவகமே உள்ள சிப்புகளில் அது ஓட வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் அதன் இயல்பு மதிப்புகள் இவ்வளவு சிக்கனமாக இருக்கின்றன. இனி கணக்கைப் பாருங்கள். 1,072 பைட் அனுப்பிவிட்டு, அதற்கான ஒப்புகையைப் பெற 10 மில்லிநொடி ஆகிறது என்றால், நொடிக்கு நூறு சுற்று, 1,07,200 பைட். நீங்கள் அளந்த 100 கிலோபைட் இதுதான்.

ஒரே ஸ்விட்ச்சில் இணைந்த இரண்டு கருவிகளுக்கிடையே போய்வரும் நேரம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவாக இருக்க வேண்டும். அது 10 மில்லிநொடி ஆவது ஏன்? உங்கள் ஃப்ரீஆர்டிஓஎஸ் அமைப்பில் டிக் வீதம், அதாவது இயக்குதளத்தின் கடிகாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது, 100 ஹெர்ட்ஸாக இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். பாக்கெட் வந்து சேர்ந்ததும் ஈதர்நெட் இன்டரப்ட், அதாவது பிராசஸரை உடனே அழைக்கும் குறிப்பு, எழுகிறது. அந்த இன்டரப்ட், சைகையாகப் பயன்படும் ஒரு செமஃபோரைக் கொடுத்து, பாக்கெட்டை எடுக்கக் காத்திருக்கும் டாஸ்க்கை, அதாவது நிரலின் தனித்து ஓடும் பகுதியை, தயார்நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆனால் தயாராவது வேறு, ஓடத் தொடங்குவது வேறு. செமஃபோரைக் கொடுக்கும் செயற்கூறு, தன் கடைசி அளவுரு வழியாக, இப்போது ஓடிக்கொண்டிருப்பதைவிட முன்னுரிமை மிக்க டாஸ்க் விழித்ததா என்று திருப்பிச் சொல்கிறது. இன்டரப்ட் முடியும் இடத்தில் அந்த விடையைப் டாஸ்க் மாற்றத்தைக் கோரும் போர்ட்-யீல்டு மேக்ரோவுக்குக் கொடுத்தால்தான் உடனே டாஸ்க் மாறும். அந்த வரி இல்லாவிட்டாலோ, கடைசி அளவுருவில் வெறுமனே 'நல்' என்று எழுதியிருந்தாலோ, நிரல் பிழையின்றித் தொகுக்கப்படும், சரியாகவும் ஓடும்; ஆனால் விழித்த டாஸ்க் அடுத்த டிக் வரை உட்கார்ந்திருக்கும். அந்தப் பத்து மில்லிநொடியும் பிராசஸர் வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கையே ஓட்டிக்கொண்டிருக்கும். பிங் நேரம் 1 முதல் 10 வரை சிதறுவதற்கும் இதுவே காரணம்: ஒவ்வொரு பாக்கெட்டும் டிக்கின் ஏதோ ஒரு நடுப்பகுதியில் வந்து, மிச்ச நேரத்தைக் காத்துக் கழிக்கிறது.

இதை உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. டிக் வீதத்தை 1,000 ஹெர்ட்ஸாக மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடினால் குற்றவாளி டிக்தான். ஆனால் அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். டிக்கைக் கூட்டுவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இன்டரப்ட்டின் இறுதியில் யீல்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தும் நிலைமை மாறவில்லை என்றால், ஈதர்நெட் பகுதியை இயக்கும் நிரலான டிரைவர் இன்டரப்ட்டையே பயன்படுத்தாமல், ஒரு டிக் தூங்கி எழுந்து பஃபரைப் பார்த்துவிட்டு மீண்டும் தூங்கும் வகையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அறிகுறி இரண்டுக்கும் ஒன்றே.

இது சரியான பிறகு துண்டின் அளவை 1,460 பைட்டாகவும், அனுப்பும் பஃபரை நான்கு முதல் எட்டுத் துண்டுகள் வரையிலும் உயர்த்துங்கள். பஃபரை மட்டும் உயர்த்தி, டிசிபி துண்டுகளுக்கான நினைவகத் தொகுப்பையும் அனுப்பும் வரிசையின் நீளத்தையும் பழைய அளவிலேயே விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. அவையும் சேர்ந்தே ஏற வேண்டும். பெறும் திசையில் விண்டோவை, அதாவது இவ்வளவு ஏற்பேன் என்று எதிர்ப்பக்கத்துக்கு அறிவிக்கும் அளவை, உயர்த்தினால், பாக்கெட் பஃபர் தொகுப்பு அந்த விண்டோ முழுவதையும் கொள்ளும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு அனுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வந்ததை வைக்க இடமின்றிக் கீழே போடும் நிலை வரும். முழு அளவு பஃபர்கள் பதினாறு வைத்தால் ஏறத்தாழ 24 கிலோபைட் செலவாகும். எஃப்407 சிப்பில் உள்ள 192 கிலோபைட்டில் 64 கிலோபைட் சிசிஎம் பகுதி. பிராசஸர் தலையிடாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ அதை எட்டிப்பிடிக்க முடியாது. ஆகவே ஈதர்நெட் பஃபர்களையும், அவை எங்கே இருக்கின்றன என்று சொல்லும் டிஸ்கிரிப்டர்களையும் அங்கே வைக்காதீர்கள். டாஸ்க் ஸ்டாக்குகளை அங்கே தள்ளிவிட்டுப் பொது நினைவகத்தை நெட்வொர்க்குக்கு ஒதுக்கலாம்.

எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 1,460 பைட் தரவைச் சுமக்கும் ஓர் ஈதர்நெட் சட்டம், தலைப்புகள், முன்னொட்டு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1,538 பைட் இடத்தை எடுக்கிறது. ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் டிசிபிக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 95 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சட்டம் கம்பியைக் கடக்க 123 மைக்ரோநொடி ஆகும். 168 மெகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு அது ஏறத்தாழ இருபதாயிரம் சுழற்சிகள். அதற்குள் தரவை எத்தனை முறை நகலெடுக்கிறீர்கள், சரிபார்ப்புத் தொகையை மென்பொருளில் கூட்டுகிறீர்களா அல்லது சிப்பின் ஈதர்நெட் பகுதியிடமே விட்டிருக்கிறீர்களா என்பதெல்லாம் அப்போதுதான் பொருட்படுத்தத் தக்கவை ஆகின்றன. நொடிக்கு 100 கிலோபைட் கிடைக்கும் நிலையில் நகலெடுப்பைக் குறைக்க உட்காருவது வீண் உழைப்பு.

போகிற போக்கில் இன்னொன்று. பாக்கெட் வரும் பாதையில் சோதனைக்காகப் போட்ட அச்சு வரிகள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். 115,200 பாடு வேகத்தில் ஓர் எழுத்து வெளியேற 87 மைக்ரோநொடி ஆகிறது. எண்பது எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஐம்பத்தைந்துக்கும் மேற்பட்ட முழுச் சட்டங்கள் கம்பியைக் கடந்துபோயிருக்கும். மந்தத்தைக் கண்டுபிடிக்கப் போட்ட வரியே மந்தத்துக்குக் காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அச்சிடுவதற்குப் பதில் சிப்பின் ஒரு பின்னை உயர்த்தித் தாழ்த்தி ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் கணக்கில் வராத அளவு.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக ஈதர்நெட் டிரைவர் ஒன்றை நானே எழுதினேன். தொடங்கிய சிறிது நேரம் பிங் நேரம் 1 மில்லிநொடிக்குள் வருகிறது. பிறகு திடீரென்று ஏறத்தாழ 1,000 மில்லிநொடியாக மாறி, அதே எண்ணிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பாக்கெட்டும் தொலைவதில்லை. நெட்வொர்க் கேபிளில் கோளாறா?
– பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: கேபிளில் கோளாறு இருந்தால் பாக்கெட் தொலையும், இப்படி ஒழுங்காக ஒரு நொடி தாமதித்து வராது. பிங் கட்டளை நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது என்பதை நினைவில் கொண்டால் விடை தெரிந்துவிடும். உங்கள் கருவி ஒரு பாக்கெட் பின்தங்கியிருக்கிறது. ஐந்தாவது பாக்கெட் வரும்போது நான்காவதை எடுத்துப் பதில் சொல்கிறது. ஐந்தாவது, ஆறாவது வரும்வரை டிஸ்கிரிப்டர் வளையத்திலேயே கிடக்கிறது.

ஏதோ ஒரு தருணத்தில் இரண்டு பாக்கெட்டுகள் அடுத்தடுத்து வந்திருக்கும். இந்த ஐபி முகவரி யாருடையது என்று கேட்கும் ஒரு ஏஆர்பி வினவல் போதும். இன்டரப்ட் இரண்டு முறை எழுந்தாலும் பைனரி செமஃபோர் இரண்டு என்று எண்ணி வைத்துக்கொள்வதில்லை. கொடுத்ததையே மறுபடி கொடுத்தால் ஒன்றாகவே நிற்கும். விழித்த டாஸ்க் ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் தூங்கப் போகிறது, மற்றது எஞ்சிவிடுகிறது. அன்று விட்ட ஒன்று கடைசிவரை கடனாகவே தொடர்கிறது. ஒருமுறை விழித்தால், வளையத்தில் இனி பாக்கெட் எதுவும் இல்லை என்ற விடை வரும்வரை திரும்பத் திரும்ப எடுக்கும்படி 'இஃப்' என்பதை 'வைல்' ஆக மாற்றுங்கள். பிங் இடைவெளியை 200 மில்லிநொடியாகக் குறைத்துப் பாருங்கள். தாமதமும் 200 ஆனால் இந்த நோயறிதல் சரி.

கேள்வி: எங்கள் கருவி, தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் டிசிபி நெறிமுறையில் சர்வராக இயங்குகிறது. விண்டோஸ் கணினியிலிருந்து கேட்டால் நொடிக்கு ஐந்து பதில்களுக்கு மேல் வருவதில்லை. ஒவ்வொரு பதிலும் சில பத்து பைட்தான். பெரிய கோப்பு அனுப்பினால் வேகம் நன்றாகவே இருக்கிறது. சிறிய தரவு மெதுவாகவும் பெரிய தரவு வேகமாகவும் போகுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: போகும், இரண்டு நல்ல ஏற்பாடுகள் ஒன்றையொன்று பார்த்துக் காத்திருந்தால் அப்படித்தான் ஆகும். நொடிக்கு ஐந்து என்றால் பதிலுக்கு 200 மில்லிநொடி. கருவியில் பதிலை இரண்டு துண்டாக எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன்: முதலில் ஏழு பைட் மோட்பஸ் தலைப்பு, பிறகு தனி அழைப்பில் தரவு.

சிறுசிறு பாக்கெட்டுகள் நெட்வொர்க்கை அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ஜான் நேகிள் 1984-இல் ஆர்எஃப்சி 896 என்ற இணைய ஆவணம் வழியாக ஒரு விதியை முன்வைத்தார்: அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வரும்வரை, முழுத் துண்டாக நிறையாத புதிய தரவைப் பிடித்து வை. எல்டபிள்யூஐபி இதைப் பின்பற்றுகிறது. ஆகவே தலைப்பு உடனே போய்விடும். தரவு ஒப்புகைக்காக நிற்கும். எதிர்ப்பக்கத்தில் விண்டோஸோ, தனியாக ஒப்புகை அனுப்பிப் பாக்கெட்டை வீணாக்குவானேன், சற்றுப் பொறுத்தால் ஏதாவது தரவோடு சேர்த்தே அனுப்பிவிடலாமே என்று 200 மில்லிநொடி வரை தாமதிக்கிறது. தலைப்பு மட்டும் கையில் இருக்கும்போது அதனிடம் அனுப்ப எதுவும் இல்லை. இருவரும் 200 மில்லிநொடி வாய்மூடி நிற்கிறார்கள். பெரிய கோப்பில் துண்டுகள் முழுமையாக நிறைந்து போவதாலும், இரண்டு முழுத் துண்டுக்கு ஒருமுறை ஒப்புகை வந்துவிடுவதாலும் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

தலைப்பையும் தரவையும் ஒரே பஃபரில் சேர்த்து ஒரே அழைப்பில் எழுதுங்கள். அது முடியாத இடத்தில் மட்டும், அந்த இணைப்புக்கு 'டிசிபி நோ-டிலே' விருப்பத்தை இயக்கி நேகிள் விதியை நிறுத்துங்கள். முதல் வழியே மேல். இரண்டாவதில் ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு பாக்கெட் போகும்.

எதிர்த்திசையிலும் இதே நோய் வரலாம். கணினி இரண்டு துண்டாக எழுதி, கருவி ஒப்புகையைத் தாமதித்தால், தாமதம் ஒரே எண்ணாக நிற்காமல் 0 முதல் 250 மில்லிநொடி வரை சிதறும். எல்டபிள்யூஐபி ஒவ்வொரு ஒப்புகைக்கும் தனிக் கடிகாரம் வைப்பதில்லை. 250 மில்லிநொடிக்கு ஒருமுறை எழும் பொதுக் கடிகாரம், தேங்கியிருக்கும் ஒப்புகைகளை எல்லாம் மொத்தமாக அனுப்புகிறது. பாக்கெட்டுகளைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க்கில் தாமதங்களின் பரவலைப் பார்த்தாலே காத்திருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: மேசையில் சோதிக்கும்போது நன்றாக ஓடும் கருவி, வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் பொருத்தியதும் ஆமை வேகத்தில் போகிறது. பிங் மட்டும் எப்போதும்போல் நன்றாக இருக்கிறது. மென்பொருளில் எதையும் மாற்றவில்லை.
– வாசகர், சென்னை

பதில்: அங்குள்ள ஸ்விட்ச்சின் போர்ட்டை யாரோ 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று கையால் கட்டி வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அப்படிக் கட்டிய போர்ட் தன் திறனை அறிவிக்காது. உங்கள் கருவியில் கம்பியோடு இணையும் பிஹெச்ஒய் சிப் மின்குறியைப் பார்த்து வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லாததால், தரநிலை சொல்கிறபடி ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கமே பேசலாம்) என்று வைத்துக்கொள்ளும். அதன்பின் ஸ்விட்ச் நினைத்தபோதெல்லாம் பேசும். கருவி அதை மோதல் என்று எண்ணித் தன் பேச்சைப் பாதியில் நிறுத்தும். ஒரு நேரத்தில் ஒருவரே பேசும் பிங் சோதனையில் இது தெரியாது. இரு திசையிலும் பாக்கெட் ஓடும் டிசிபியில் வேகம் சரிந்துவிடும். கருவிப் பக்கம் தாமத மோதல் எண்ணிக்கையும், ஸ்விட்ச் பக்கம் சிதைந்த சட்டங்களைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்விட்ச்சைத் தானியங்கிப் பேச்சுவார்த்தைக்கு மாற்றச் சொல்லுங்கள். கூடவே, பிஹெச்ஒய் எந்த முடிவுக்கு வந்தது என்பதை இணைப்பு ஏற்படும் ஒவ்வொரு முறையும் படித்து, கருவியின் நிலைப் பக்கத்தில் காட்டும்படி செய்துவிடுங்கள். அடுத்த முறை தொலைபேசியிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: ஈஎஸ்பி32 போர்டில் வைஃபை வழியாகப் பிங் செய்தால் சில நேரம் 5 மில்லிநொடி, சில நேரம் 100-ஐயும் தாண்டுகிறது. ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கிறது.
– வாசகர், மதுரை

பதில்: போர்டு தூங்குகிறது. அதன் மென்பொருள் தொகுப்பில் வைஃபை மின்சேமிப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். ரேடியோ அணைந்திருக்கும்போது வரும் பாக்கெட்டை ரவுட்டர் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த பீக்கன் அறிவிப்பில் சொல்லும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை. நீங்கள் பார்க்கும் 100 அதுதான். மின் இணைப்பில் ஓடும் கருவி என்றால் மின்சேமிப்பை நிறுத்திவிடுங்கள். பேட்டரியில் ஓடுவது என்றால் இந்தத் தாமதம் நீங்கள் கொடுக்கும் விலை. இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது.

கேள்வி: கருவி தரவை நன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கும். திடீரென அரை நொடி, சில வேளை ஒன்றரை நொடி அப்படியே நின்றுவிட்டு மறுபடி ஓடும். சராசரி வேகம் இதனாலேயே பாதியாகிவிடுகிறது.
– வாசகர், பெங்களூரு

பதில்: அரை நொடியின் மடங்குகளாக வரும் நிறுத்தம் எல்டபிள்யூஐபியின் மெதுவான கடிகாரத்தினுடையது, அது 500 மில்லிநொடிக்கு ஒருமுறை எழுந்து, ஒப்புகை வராத துண்டுகளை மறுபடி அனுப்பலாமா என்று பார்க்கிறது. அப்படியானால் உங்களிடம் பாக்கெட் தொலைகிறது. தொலைவது ஒரு பிழை. தொலைந்ததை மீட்க இவ்வளவு நேரமாவது இன்னொரு பிழை. இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

மீட்பு ஏன் தாமதமாகிறது? கடிகாரத்துக்குக் காத்திராமல் உடனே மறுபடி அனுப்ப டிசிபியில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரே எண்ணுள்ள ஒப்புகை கூடுதலாக மூன்று முறை வர வேண்டும். தொலைந்த துண்டுக்குப் பின்னால் குறைந்தது மூன்று துண்டுகளாவது போய்ச் சேர்ந்திருந்தால்தான் அது நடக்கும். இரண்டு துண்டு மட்டுமே கொள்ளும் பஃபரில் அந்த வாய்ப்பே எழாது. எந்த இழப்பும் கடிகாரத்தின் வாசலில்தான் போய் நிற்கும். பஃபர் நான்கு துண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைவது ஏன் என்பதற்கு, பெறும் டிஸ்கிரிப்டர்களின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். பல எடுத்துக்காட்டு நிரல்களில் அது நான்குதான். முழுச் சட்டங்கள் இடைவிடாது வந்தால் நான்கும் நிறைய அரை மில்லிநொடி போதும். ஒப்புகை போன்ற 64 பைட் சட்டங்கள் என்றால் ஒவ்வொன்றும் 6.7 மைக்ரோநொடி, நான்குக்கு 27 மைக்ரோநொடி. அதற்குள் பெறும் டாஸ்க் ஓடாவிட்டால் அடுத்து வருவது கீழே விழும். ஒரு டாஸ்க் இன்டரப்ட்டை அடைத்து வைத்துக்கொண்டு ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருந்தாலும் இதுவே நடக்கும். சிப்பின் தவறிய சட்டங்கள் என்ற எண்ணியைப் படித்துப் பாருங்கள். எல்டபிள்யூஐபியின் புள்ளிவிவரங்களில் நினைவகத் தொகுப்புகளின் பிழை எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது ஏறினால் டிஸ்கிரிப்டர் அல்லது முன்னுரிமைச் சிக்கல். இரண்டாவது ஏறினால் பஃபர் பற்றாக்குறை.

இரண்டுமே ஏறவில்லை, சிப்போ கார்டெக்ஸ்-எம்7 வகை என்றால், டேட்டா கேஷை, அதாவது பிராசஸர் தன்னருகே வைத்திருக்கும் நகல் நினைவகத்தை, சந்தேகியுங்கள். டிஎம்ஏ நினைவகத்தில் எழுதியதைப் பிராசஸர் பார்க்காமல், கேஷில் உள்ள பழையதையே படித்துக்கொண்டிருக்கும். டிஸ்கிரிப்டர்கள் இருக்கும் பகுதியை நினைவகப் பகுதிகளுக்கு விதி வகுக்கும் எம்பியு மூலம் கேஷ் செய்யப்படாத பகுதியாக அறிவித்துவிடுவதே நல்லது. தரவு பஃபர்களைக் கேஷில் வைத்திருக்க விரும்பினால் அவை 32 பைட் எல்லையில் தொடங்கி 32-இன் மடங்கில் முடிய வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே கேஷ் வரியில் இருக்கும் அண்டை மாறியை நினைவகத்துக்குத் திருப்பி எழுதும்போது பாக்கெட்டின் வாலும் சேர்ந்து அழிந்துபோகும். சோதனைக்குக் கேஷை முழுவதுமாக நிறுத்தி ஒருமுறை ஓட்டுங்கள். நிறுத்தங்கள் மறைந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கேள்வி: டபிள்யூ5500 ஈதர்நெட் சிப்பும் 320க்கு 240 டிஎஃப்டி திரையும் ஒரே எஸ்பிஐ பஸ்ஸில், அதாவது சிப்புகளை இணைக்கும் ஒரே கம்பித் தொகுப்பில், இருக்கின்றன. திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பிங் 60 மில்லிநொடிக்கு ஏறுகிறது. நெட்வொர்க் டாஸ்க்கின் முன்னுரிமை எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்கிறார்களே, அதுதானா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: முன்னுரிமை எண்ணை எந்தத் திசையில் மாற்றினீர்கள் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் பெரிய எண் பெரிய முன்னுரிமை; விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற இன்னொரு நிகழ்நேர இயக்குதளத்தில் சுழியமே உச்சம், 255 அடிமட்டம், அதன் நெட்வொர்க் டாஸ்க் வழக்கமாக 50-இல் ஓடும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் எளிதில் தவறும். எல்டபிள்யூஐபியின் டாஸ்க்குக்கு இயல்பு மதிப்பு 1 என்பதையும் கவனியுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் அது ஐடில் டாஸ்க்குக்கு ஒரு படி மட்டுமே மேலே.

முன்னுரிமைத் தலைகீழாக்கத்துக்குப் பெயர்பெற்ற நிகழ்வு, 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலத்தில் நடந்தது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ். குறைந்த முன்னுரிமையுள்ள வானிலை டாஸ்க் ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டை, பிடித்திருக்கும்போது, நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் அதை ஓடவிடாமல் தடுத்தன; அந்த மியூடெக்ஸுக்காகக் காத்திருந்த உயர்ந்த முன்னுரிமை பஸ் டாஸ்க் தன் கெடுவைத் தவறவிட்டது; கண்காணிப்பு ஏற்பாடு கணினியை மறுபடி மறுபடி மீட்டமைத்தது. மியூடெக்ஸைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் வசதி அந்த இயக்குதளத்தில் இருந்தும் இயக்கப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கிச் சரிசெய்தார்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூடெக்ஸாக உருவாக்கினால் இந்த வசதி தானாகவே கிடைக்கும். பைனரி செமஃபோரைப் பூட்டாகப் பயன்படுத்தினால் கிடைக்காது. உங்கள் எஸ்பிஐ பூட்டு செமஃபோராக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

ஆனால் உங்கள் 60 மில்லிநொடிக்குக் காரணம் அதுவன்று என்றே நினைக்கிறேன். புள்ளிக்கு 16 பிட் என்றால் அந்தத் திரையின் ஒரு முழுப் படம் 1,53,600 பைட். எஸ்பிஐ 20 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதை அனுப்ப 61 மில்லிநொடி ஆகும். திரை டாஸ்க் பஸ்ஸைப் பிடித்து, முழுப் படத்தையும் அனுப்பி முடித்த பிறகே விடுகிறது. பூட்டைப் பிடித்திருப்பவருக்கு எவ்வளவு உயர்ந்த முன்னுரிமையைக் கொடுத்தாலும் அவர் அனுப்ப வேண்டிய பைட்டுகள் குறையப்போவதில்லை. முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் அந்த வசதி, நடுவில் புகுபவர்களிடமிருந்து காக்குமே தவிர, பிடித்திருக்கும் நேரத்தைச் சுருக்காது. படத்தைப் பத்துப் பத்து வரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகப் பஸ்ஸைப் பிடித்து விடும்படி எழுதுங்கள். ஒரு பகுதி 6,400 பைட், ஏறத்தாழ இரண்டரை மில்லிநொடி. நெட்வொர்க் டாஸ்க்கின் முன்னுரிமை திரை டாஸ்க்கைவிட உயர்ந்திருந்தால், அடுத்த பகுதி தொடங்குமுன் பஸ் அதன் கைக்கு வந்துவிடும். போர்டை மறுபடி வடிவமைக்கும் வாய்ப்பு இருந்தால், உங்கள் பிராசஸர் சிப்பில் இரண்டாவது எஸ்பிஐ இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் திரையை அதற்கு மாற்றிவிடலாம், பூட்டே தேவைப்படாது.